வாசலில் கிரிக்கெட்: தெருப் பிள்ளைகளின் சத்தத்தைக் குறைக்க வழிகாட்டி (சென்னைக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு)

சாயங்காலம் நாலரை மணிக்கு உங்கள் கேட்டில் முதல் பந்து மோதும். அதிலிருந்து ஏழு ஏழரை வரை ஓயாது. கைக்குழந்தை இருக்கிற வீடு, படுத்த படுக்கையாய் ஒரு பெரியவர் இருக்கிற வீடு, நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற வீடு என்றால் இது சின்ன விஷயமே இல்லை. ஆனாலும் விளையாட்டை நிறுத்துவதைக் குறிக்கோளாக வைக்காதீர்கள். அது நடக்காது, நடக்கவும் கூடாது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தெருதான் கூடம். நீங்கள் மாற்ற முடிந்தவை மூன்று: எந்த நேரம், எவ்வளவு தூரம், பந்து எதில் மோதுகிறது. கீழே உள்ளதெல்லாம் இந்த மூன்றைப் பற்றியதுதான்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாருங்கள்

புரோக்கர் பெரும்பாலும் வார நாளில், காலை பதினொரு மணி வாக்கில்தான் வீடு காட்டுவார். பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். சனி அல்லது ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் நீங்களே தனியாகப் போய் அரை மணி நேரம் தெருவில் நில்லுங்கள்.

ஆள் இல்லாவிட்டாலும் தடயம் இருக்கும். காம்பவுண்டுச் சுவரில் கரியாலோ சாக்பீஸாலோ மூன்று கோடு, முழங்கால் உயரத்தில் நெளிந்த கேட், சன் ஷேடில் கிடக்கும் பழைய பந்து இவற்றைத் தேடுங்கள். முக்கியமாக, முட்டுச் சந்து. வண்டி வராத அமைதியான தெரு என்று புரோக்கர் சொல்வார். வண்டி வராததால்தான் அது மைதானமாகிறது. அங்கே விளக்குக் கம்பமும் இருந்தால் ஆட்டம் இரவிலும் தொடரும்.

வாடகை ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் போதும் என்று எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் கூடலாம். சென்னையில் அதற்கு மேல் கேட்பது வழக்கமாகவே இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்துவிட்டால் வீடு ஒத்துவராதபோது உடனே கிளம்ப முடியாமல் பணம் கட்டிப்போடும்.

2. பத்து நாள் எழுதி வையுங்கள்

யாரிடமும் பேசும் முன் ஒரு நோட்டில் பத்து நாள் குறித்து வையுங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன ஆட்டம், எந்த இடத்தில், எந்தச் சத்தம் தொந்தரவு செய்தது. நாளுக்கு இரண்டு வரி போதும்.

பத்தாம் நாள் படித்துப் பார்த்தால் எப்போதும் சத்தம் என்று தோன்றியது, வாரத்தில் நான்கு நாள், ஒன்றரை மணி நேரம் என்று சுருங்கக்கூடும். அதிலும் உங்களுக்கு ஆகாத நேரம் அரை மணிதான் என்று தெரியலாம். அந்த அரை மணியைத்தான் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். முழு மாலையையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

செல்போன் டெசிபல் செயலி வைத்திருந்தால் ஒரே ஜன்னலில், ஒரே உயரத்தில் வைத்துப் பதினைந்து நிமிடச் சராசரியைக் குறியுங்கள். செல்போன் மைக் காட்டும் எண் பல டெசிபல் பிசகும். யாரிடமும் அதை ஆதாரமாக நீட்ட வேண்டாம். ஒரு மாற்றம் செய்யும் முன்னும் பின்னும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க மட்டும் அது உதவும்.

3. முதலில் கேட்டைக் கவனியுங்கள்

தெருச் சத்தத்தில் மிக மோசமானது தொண்டைச் சத்தம் அல்ல, தகரச் சத்தம். ஷீட் கேட்டை ஸ்டம்பாக வைத்து ஆடினால் ஒவ்வொரு பந்துக்கும் அந்தத் தகடு பறை மாதிரி அதிரும், கூடவே தாழ்ப்பாளும் கொண்டியும் நடுங்கும். குறைந்த செலவில் அதிகப் பலன் இங்கேதான்.

தாழ்ப்பாள்: பழைய சைக்கிள் ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, தாழ்ப்பாள் போய் உட்காரும் இடத்தில் சுற்றுங்கள். இரண்டு கதவும் சேரும் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பஞ்சர் கடையில் கேட்டால் ட்யூப் சும்மாவே கிடைக்கும்.

தகடு: கார் கதவுக்குள் ஒட்டுகிற, அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உள்ள கார் அக்சஸரி கடைகளில் கேளுங்கள். பியூட்டைல் ரப்பர் வகைதான் வேண்டும். தார் கலந்தது விலை குறைவு, ஆனால் சித்திரை வெயிலில் இளகி வழிந்துவிடும். தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் இருக்கும் தகட்டின் நடுப்பகுதியில் பாதி மூடினால் போதும், அதிர்வு அங்கேதான் அதிகம். உட்புறமாக ஒட்டுங்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, உருளையால் அழுத்த வேண்டும். தூசியின் மேல் ஒட்டினால் மழைக்காலத்தில் உரிந்து வரும். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்டம்ப்: இதைவிட நல்லது, கேட் ஸ்டம்பாகவே இல்லாமல் போவது. தாங்கியோடு வரும் ஒரு செட் ஸ்டம்ப் வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பின்னால் கயிற்றில் ஒரு கோணிச் சாக்கைத் தொங்கவிடச் சொல்லுங்கள். பந்து சாக்கில் பட்டுச் சத்தமில்லாமல் அங்கேயே விழும். விக்கெட் கீப்பர் ஓட வேண்டாம் என்பதால் பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும். அவர்களுக்கும் லாபம் இருக்கிற ஏற்பாடுதான் நிலைக்கும்.

பந்து: டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள். தோல் பந்து 156 முதல் 163 கிராம். குடியிருப்புத் தெருவில் கனமான கார்க் பந்தும் தோல் பந்தும் கூடவே கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள். இதைப் பெற்றோரும் ஒப்புக்கொள்வார்கள்.

4. பிள்ளைகளிடம் நேராகப் பேசுங்கள்

பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு முதலில் பெற்றோரிடமோ அசோசியேஷனிடமோ போகிறார்கள். பிள்ளைகள் அதைக் கோள் மூட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள், பிறகு உங்கள் கேட்டுக்குத்தான் குறி வைப்பார்கள்.

எப்போது: ஆட்டத்தின் நடுவே அல்ல. டீம் பிரிக்கும்போது, அல்லது முடிந்து தண்ணீர் குடிக்கும்போது.

யாரிடம்: பேட்டும் பந்தும் யாருடையதோ அவனிடம். வயதில் பெரியவனிடம் பேசியும் பயன் இருக்காமல் போகலாம். பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடியவன் சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள்.

என்ன கேட்பது: சத்தம் போடாதீங்க என்று மட்டும் சொல்லாதீர்கள். விக்கெட் விழுந்தால் கத்தாமல் இருக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. மணியும் இடமும் சொல்லிக் கேளுங்கள். இப்படி:

“தம்பி, லீவு நாள்ல ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் எங்க பாப்பா தூங்கும். அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் அந்தப் பச்சை கேட்டு வீட்டைத் தாண்டி ஆடுறீங்களா? நாலுக்கு மேல இங்கயே ஆடிக்கோங்க.”

“சரி ஆன்ட்டி. ஆனா பந்து உங்க வீட்டுக்குள்ள விழுந்தா குடுத்துடணும்.”

“உடனே குடுக்கிறேன். ஒரு தடவ பெல் அடி, போதும். கேட் ஏறக் கூடாது.”

இந்த ஒப்பந்தத்தில் உங்கள் பங்கு பந்து. அதை ஒரு தடவை பிடித்து வைத்துக்கொண்டாலும் பேச்சு முறிந்துவிடும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் யார் உள்ளே வந்து எடுக்கலாம் என்று ஒரே ஒரு பையனை முடிவு செய்யுங்கள். சன் ஷேடில் சிக்கும் பந்தை எடுக்க வாசலில் ஒரு தொரட்டி வையுங்கள். அது இல்லாவிட்டால் பைப்பைப் பிடித்து ஏறுவார்கள். விழுந்தால் கை கால் போகும்.

இடம் மாற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஐந்து மீட்டரில் இருந்த ஆட்டம் இருபது மீட்டருக்குப் போனால் 12 டெசிபல். பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும். இரு பக்கமும் சுவர் நெருக்கிய சந்தில் இவ்வளவு குறையாது, ஆனாலும் தெளிவாகத் தெரியும். நான்கு வீடு தள்ளி ஆடச் சொல்வதற்கு நீங்கள் பைசா செலவழிக்க வேண்டாம். இந்தப் பலனை ஜன்னல் வேலையில் வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும். தள்ளிப் போகிற இடத்தில் இன்னொரு கைக்குழந்தை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர், பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி) பக்கம் ஒருபோதும் அனுப்பாதீர்கள். பாக்ஸ் கதவு திறந்து கிடந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். மூடாத மழைநீர் வடிகால் இருக்கிற பக்கமும் வேண்டாம்.

கேட்க வேண்டியது இன்னும் ஒன்று: உங்கள் வீட்டுக்குள் பந்து போனால் அவுட் என்ற விதி. தெரு கிரிக்கெட்டில் இது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள விதிதான். உங்கள் வீட்டை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால் பேட்ஸ்மேனே அந்தப் பக்கம் அடிக்க மாட்டான்.

செய்யக் கூடாதவை: தண்ணீர் ஊற்றுவது, பந்தை அறுப்பது, பிள்ளைகளை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. கை நீட்டினால் காயம் விளைவித்த குற்றத்துக்கு உங்கள் மேல்தான் வழக்கு வரும். பிள்ளைக்காகக் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். குப்பத்துப் பசங்க, ஹவுசிங் போர்டு பசங்க என்ற பேச்சு ஒரு முறை வாயில் வந்துவிட்டால் அந்தத் தெருவில் உங்களுக்காகப் பேச ஆள் இருக்காது. அது தவறான பேச்சும்கூட.

5. பெற்றோரிடம் எப்போது

பிள்ளைகளிடம் இரண்டு முறை பேசியும் மாறாதபோது, அல்லது கண்ணாடி உடைந்தபோது. ஞாயிறு காலை பத்து மணி நல்ல நேரம். ராத்திரி எட்டு மணிக்கு, வேலை முடிந்து களைத்து வந்தவரிடம் போகாதீர்கள். பிள்ளையின் எதிரில் குறை சொல்லாதீர்கள். “உங்க பையன் நல்லாத்தான் பழகுறான், இந்த ரெண்டு மணி நேரம் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லுங்க” என்று தொடங்குங்கள்.

உடைந்த கண்ணாடிக்குப் பணம் கேட்பதானால் கண்ணாடிக் கடை பில்லைக் காட்டி, ஆடிய எல்லார் வீட்டிலும் சமமாகக் கேளுங்கள். அடித்தவன் வீட்டில் மட்டும் கேட்டால் அவன் வீட்டில் அடி வாங்குவான். கார் கண்ணாடி உடைந்தால் இன்சூரன்ஸில் கிளெய்ம் போடும் முன் கணக்குப் பாருங்கள்: அடுத்த வருடப் பிரீமியத்தில் நோ கிளெய்ம் போனஸ் போய்விடக்கூடும். அந்தத் தள்ளுபடி 20 முதல் 50 விழுக்காடு வரை. சின்னக் கண்ணாடிக்குக் கைக்காசே மலிவு.

6. ஜன்னல்: காசு எங்கே வீணாகிறது

கனமான திரைச்சீலை வாங்குவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. துணி அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. சுவரில் ஒட்டும் கறுப்பு ஃபோமும் அப்படித்தான்.

சத்தம் இடுக்கு வழியாகத்தான் வருகிறது. ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலே, கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. எனவே வரிசை இதுதான்:

முதலில் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் சத்தம் வருகிற இடம். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே சிலிக்கான் சீலன்ட், கதவு மூடும் விளிம்பில் ரப்பர் வெதர் ஸ்ட்ரிப், கதவடியில் பிரஷ் பட்டை. இரண்டு ஜன்னலுக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடிக்கலாம். ஏசிக்குப் போட்ட பைப் ஓட்டையையும் பாத்ரூம் வென்டிலேட்டரையும் மறக்காதீர்கள்.

அடுத்து, சொந்த வீடாக இருந்தால் மட்டும் ஜன்னலை மாற்றுவது. ஸ்லைடிங் ஜன்னல் விளிம்பில் பிரஷ்தான் இருக்கும், சத்தம் கசியும். கீலில் திறந்து ரப்பரில் அழுந்தி மூடும் வகையைக் கேளுங்கள். கண்ணாடிக்கு லேமினேட்டட், அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. பந்து பட்டாலும் சில்லு தெறிக்காது. சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். இரண்டு மூன்று இடத்தில் கொடேஷன் வாங்கி, பழையதைக் கழற்றுவதும் பூச்சு வேலையும் அதில் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள். தெருப்பக்கப் படுக்கையறையை மட்டும் மாற்றினாலே போதும்.

ஏசி இல்லாத வீட்டில் மே மாதம் ஜன்னலை மூட முடியாது. அப்போது வழி, படுக்கையை மாற்றுவது. தெருவைப் பார்க்காத அறைக்குத் தொட்டிலைக் கொண்டுபோங்கள், டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் வையுங்கள். அதன் சீரான இரைச்சல் திடீர்ச் சத்தங்களை மூடிவிடும். பகலில் தூங்குகிறவர்களுக்கு ஃபோம் காதடைப்பான். அதை நூல் போல உருட்டி, மறு கையால் காதை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்து நுழைத்து, விரிகிற வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். இப்படிச் செய்யாமல் முனையில் சொருகினால் பலன் தராது.

7. அபார்ட்மென்ட்டில் இருந்தால்

இங்கே சத்தம் வேறு மாதிரி. ஸ்டில்ட் பார்க்கிங்கில் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் தளம்) ஆடினால் கான்கிரீட் கூரையும் தரையும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும். மொட்டை மாடியில் ஓடினால் மேல்தள வீட்டுக்குள் இடி போலக் கேட்கும். பேஸ்கட் பால் தட்டும் அதிர்வு தூண் வழியாகவே ஏறிவிடும். அதற்கு ஜன்னல் மூடியும் பயனில்லை.

அசோசியேஷனுக்கு எழுதும் கடிதம் ஒரே பக்கம். தேதி, வீட்டு எண், பத்து நாள் குறிப்பின் சுருக்கம், நீங்கள் கேட்கும் நேரம், விளையாட நீங்கள் காட்டும் மாற்று இடம். கடைசி இரண்டும் இல்லாத கடிதம் வெறும் புகாராகக் கிடப்பில் போகும். நகலில் செயலாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவர் ஓனர் மூலமாகக் கொடுப்பது நல்லது. பொதுக்குழுவில் ஓட்டு அவருக்குத்தான்.

விளையாடத் தடை என்ற போர்டைக் கேட்காதீர்கள். பிற்பகல் 2 முதல் 4 வரையும் இரவு 9க்கு மேலும் ஆட்டம் இல்லை, மொட்டை மாடிச் சாவி இரவு 8 மணிக்கு வாட்ச்மேனிடம், கார் நிற்கும் இடத்தில் ஸ்பாஞ்ச் பந்து மட்டும் என்று எழுதினால் நிறைவேறும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டிய பெரிய வளாகம் என்றால், 10 விழுக்காடு நிலம் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) என்று உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். பல இடங்களில் அது புதர் மண்டிக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து திறந்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அது பொது நிலம், வெளிப்பிள்ளைகளுக்கும் உரியது.

8. மைதானம் கேளுங்கள்

பக்கத்தில் மாநகராட்சி விளையாட்டுத் திடல் இருந்தும் பிள்ளைகள் தெருவில் ஆடினால் காரணம் கேளுங்கள். பூட்டியிருக்கும், விளக்கு எரியாது, அல்லது பெரியவர்கள் டீம் இடத்தைப் பிடித்துக்கொண்டு சின்னவர்களை விரட்டும். தி.நகர் சோமசுந்தரம் மைதானம் மாதிரி பெரிய திடலிலேயே ஞாயிற்றுக்கிழமை பல ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும்.

பூட்டு, விளக்கு, புதர் பற்றி மாநகராட்சிப் புகார் எண்ணான 1913க்கு அல்லது அதன் நம்ம சென்னை செயலியில் புகார் கொடுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் ஒதுக்குவது போன்றவற்றுக்கு வார்டு கவுன்சிலரிடம் மனு. பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்து இருபது கையெழுத்து வாங்குங்கள். சத்தத்தைக் குறை சொல்லும் மனுவில் அவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள், திடல் கேட்கும் மனுவில் போடுவார்கள். காலி மனை என்றால் உரிமையாளரிடம் முதலில் அனுமதி, பிறகு மூடாத கிணறோ செப்டிக் டேங்கோ இருக்கிறதா என்று நேரில் பார்ப்பது.

9. போலீஸ் எதற்கு, எதற்கு இல்லை

பிள்ளைகள் ஆடும் சத்தத்துக்காகக் காவல் நிலையம் போகாதீர்கள். ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குக் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைக்கிறது. அதை 10 டெசிபலோ மேலுமோ தாண்டினால்தான் அந்த விதியில் புகார் நிற்கும். ஆட்டோவும் ஹாரனும் ஓடுகிற சென்னைத் தெருவில் இது பிள்ளைகளின் சத்தம் மட்டும்தான் என்று பிரித்துக் காட்ட முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் (இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டம்) பொதுத் தொல்லைக்குத் தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம்; ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்வது எதுவும் சட்டப்படி குற்றமே இல்லை. வக்கீல் நோட்டீஸுக்குக் கொடுக்கும் பணமும் வீண்தான்.

100 அல்லது 112ஐ அழைக்க வேண்டியது: இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி, திடலில் பெரியவர்கள் குடிப்பது, மிரட்டல், வேண்டுமென்றே கல்லெறிவது. எழுத்துப் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பதிவானதற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள். பட்டாசு என்றால் தீபாவளியன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்பதுதான் தமிழ்நாட்டில் 2018 முதல் இருந்துவரும் நேர ஒதுக்கீடு.

10. லீவு வரும் முன்

ஒப்பந்தம் ஒரு முறை பேசி முடிவதல்ல. செப்டம்பர் காலாண்டு, டிசம்பர் அரையாண்டு, ஏப்ரல் கடைசியில் முழுப் பரீட்சை லீவு. ஒவ்வொன்றிலும் ஆட்ட நேரம் மாறும், ஊரிலிருந்து வரும் பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை என்று புது ஆட்களும் சேருவார்கள்; அவர்களுக்கு உங்கள் விதி தெரியாது. கோடையில் காலை ஆறரைக்கே தொடங்கி வெயில் ஏறியதும் நிறுத்துவார்கள், மாலையில் மறுபடி. லீவு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன் பேட் வைத்திருக்கிற பையனைப் பார்த்துக் காலை எத்தனை மணிக்குத் தொடங்கலாம் என்று பேசிக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டில் மார்ச்சில் பிளஸ் டூ எழுதுகிற பிள்ளை இருந்தால் அந்த மாதத்துக்குத் தனியாகக் கேளுங்கள். பரீட்சை என்றால் பிள்ளைகளே மதிப்பார்கள். கேட் தகட்டின் ஷீட் உரிந்திருக்கிறதா, தாழ்ப்பாள் ட்யூப் வெடித்திருக்கிறதா, கோணிச் சாக்கு கிழிந்திருக்கிறதா என்று அதே வாரம் பார்த்து மாற்றிவிடுங்கள்.